இழை என்னும் சொல்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தவுடன் மாணவர்க்கு எதிர்ப்படும் சொற்களுள் ‘இழை’ என்பதும் ஒன்று. ஆயிழை, சேயிழை, ஒள்ளிழை என்றெல்லாம் பண்டைப் புலவர் மகளிரைச் சுட்டுங்கால், ஆங்கு இழை என்பதற்கு அணிகலன் என்று பொருள் கொள்ளுதல் வேண்டும் என ஆசிரியர் உரைப்பர். வகுப்பு முடிந்து மாலையில் இல்லம் திரும்பினால், தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் என் அன்னையார், “இழை அறுந்து போயிற்று, ஊசியிற் கோத்துக் கொடு” என்பார். ஈண்டு இழை என்பது நூல். காலையில் அணிகலனாக இருந்த சொல் மாலையில் நூலாகிவிடுகிறது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து கூடின என்று ஆராய்வது சொல்லாராய்ச்சி வல்லார் கடன். ஆயின், அவை ஒரு சொல்லுக்குள் அடங்கியிருத்தல் மிகவும் பொருத்தமுடையது என்று நான் கருதுகிறேன். அதற்குரிய காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இக்கல்லூரியிற் சேர்ந்தபோது கட்டணம் செலுத்தும் பொருட்டு என் அன்னையார் ஒரு சங்கிலியை விற்க நேர்ந்தது. அஃது என் பாட்டியார் அணிந்திருந்தது. என் திருமணத்திற்கென்று பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. பொற்கொல்லர் ஒருவர் மெல்லிய கம்பியைக் கண்ணி கண்ணியாக வளைத்துப் பின்னிச் செய்த சங்கிலி. கையில் எடுத்தால் பட்டுக் கயிறுபோல் வளையும். உற்று நோக்கினாலன்றிக் கண்ணிகள் புலப்படா. கடைக்காரர் அதனைக் கல்லில் உரைத்துப் பார்த்தார், தராசில் இட்டார், அழுக்குக்கும் பற்றாசுக்கும் இவ்வளவு என்று கழித்தார், எஞ்சிய பொன்னுக்கு விலை கூறினார். “பின்னல் வேலைக்கு ஒன்றும் இல்லையா, ஐயா?” என்று அன்னையார் வினவினார். “உருக்கினால் எல்லாம் ஒன்றுதான், அம்மா” என்பது அவர் விடை. அவரைக் குறை கூறுதற்கு யாதும் இல்லை. அவர் தொழிலின் வழக்கத்தைச் சொன்னார். எனினும், நகை வாங்குங்கால் செய்கூலி என்றும் சேதாரம் என்றும் வேலைக்குத் தனியே விலை கொடுக்கின்றோம். விற்குங்கால் அவ்வேலை இல்லாதொழிகின்றது. நாங்கள் நகை கொடுத்தோம். அவர் பொன் பெற்றுக்கொண்டார். இடையில் நகை எங்கே போயிற்று?

இவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. ஓர் அணிகலனின் மதிப்பு அதன் நிறையில் இருக்கின்றதா, அதனை இழைத்த கையில் இருக்கின்றதா? இரண்டிலும் இருக்கின்றது என்று கூறி நழுவிவிடுதல் எளிது. ஆனால் நம் நடைமுறையோ, நிறையை மட்டும் எண்ணிக் கையை மறந்துவிடுகின்றது. கையை மறந்த சமுதாயம் எத்துணைப் பொன் அணிந்திருப்பினும் நகையை அறிந்த சமுதாயம் ஆகாது என்பதே என் துணிபு. இத்துணிபு எனக்கு உண்டாதற்குத் துணையாயிருந்தவர் ஆர்லீன் ஃபிஷ் என்னும் அமெரிக்க அம்மையார் ஆவர். நூலால் செய்யும் வேலைகள் அனைத்தையும் உலோகக் கம்பியாற் செய்யலாகும் என்று தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் அவர்.

இவ்வம்மையார் 1931-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தவர். ஸ்கிட்மோர் கல்லூரியில் 1952-ஆம் ஆண்டிலும், இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் 1954-ஆம் ஆண்டிலும் பட்டம் பெற்றார். பின்னர் ஃபுல்பிரைட் உதவிப் பொருள் பெற்று டென்மார்க்கு நாடு சென்று, கோபன்ஹேகன் நகரில் வெள்ளி வேலையைப் பயின்றார். 1961-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் டியேகோ அரசுக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பின்னாளிற் பல்கலைக் கழகமாக உயர்ந்த அந்நிலையத்தில் நகைக்கலைக்கெனப் பாடத்திட்டம் ஒன்றை அமைத்து, 2000-ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், மாணவர்க்குக் கற்பித்தார்.

அவர் 1960-களில் செய்த அணிகள் கழுத்தளவில் நின்றுவிடவில்லை. தோளினின்று மார்பிலும் முதுகிலும் ஆடைபோல் இறங்கின. நகை என்பது உடலின் ஓரிடத்தில் தொங்கும் சிறு பொருள் என்னும் எண்ணத்தை அவை மாற்றின. சட்டை தைப்பவர் உடலின் அளவையும் அசைவையும் எண்ணித் துணியை வெட்டுதல் போல, இவர் உடலை எண்ணி வெள்ளியை அமைத்தார். அதன் பின்னர் அவர் உள்ளம் துணியின் வடிவத்தோடு அமையாமல், துணி உண்டாகும் முறையிலேயே சென்று பதிந்தது. தகட்டைத் துணிபோல் வெட்டுவதினும், கம்பியையே நூலாகக் கொண்டு துணியை உண்டாக்கினால் என்ன என்று எண்ணினார்.

அவ்வெண்ணத்தின் பயனாக 1975-ஆம் ஆண்டில் நூலொன்று வெளிவந்தது. ‘உலோகத்தில் நெசவு முறைகள்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். நெய்தல், இரட்டை ஊசிப் பின்னல், கொக்கி ஊசிப் பின்னல், முடிச்சின்றி வலை பின்னுதல், கூடை முடைதல், சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றித் தலையணைமேல் வைத்து லேஸ் பின்னுதல் ஆகிய முறைகளையெல்லாம் வெள்ளி, பொன், செம்புக் கம்பிகளைக்கொண்டு செய்யும் வகை அதிற் கூறப்பட்டுள்ளது. இவற்றுட் பெரும்பாலானவை மேனாட்டில் பாட்டிமார் அடுப்பங்கரையில் அமர்ந்து பேத்திமார்க்குக் கற்பித்தவை. சிறுவர் நூற்கட்டையின் தலையில் ஆணிகளை அடித்து, அவற்றைச் சுற்றிக் கயிறு பின்னி விளையாடும் முறையையும் அவர் விட்டுவிடவில்லை. அவ்விளையாட்டு வேலை வெள்ளிக் கம்பியில் அமைந்தபோது அழகிய குழற்சங்கிலி ஆயிற்று.

நூலும் கம்பியும் ஒன்றுபோல் தோன்றினும் இயல்பில் வேறானவை. நூலைத் தவறாகப் பின்னினால் பிரித்து மீண்டும் பின்னலாம். கம்பியைப் பிரித்தாலோ பழைய வளைவு அதில் நின்றுவிடும். மேலும், உலோகத்தை வளைக்குந்தோறும் அஃது இறுகும். மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடியும். தீயிற் காய்ச்சினால் இளகும் என்பது உண்மையே. ஆயின், மயிரிழை போன்ற கம்பியைத் தீயிற் காட்டினால் நொடியில் உருகிவிடும். ஆதலின், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாகிய வழக்கமான கலவையினும், கலப்பற்ற வெள்ளி இவ்வேலைக்கு ஏற்றது; அது மெதுவாகவே இறுகும். வண்ணப் பூச்சுடைய மெல்லிய செப்புக் கம்பியையும் அம்மையார் மிகுதியாகக் கையாண்டார். கை எவ்வளவு இழுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நூலிற் கற்கக்கூடியதன்று. பழகிய விரல் அறிவது. தையலில் நூலின் இறுக்கத்தை விரலால் உணர்பவர் எவரும் இதனை எளிதில் உணர்வர்.

இங்ஙனம் பின்னிய உலோகத்திற் பெறும் நன்மை யாது? துணியைப் போலி செய்து காட்டுதல் மட்டுமே எனின், அது வித்தையேயன்றிக் கலையாகாது. ஆனால் உண்மை அவ்வாறன்று. தகடாக இருக்கும்போது வளையாத வெள்ளி, பின்னலாகும்போது தோளின் மேல் படிகின்றது. மூச்சு விடுங்கால் விரிந்து சுருங்குகின்றது. கண்ணிகளுக்கிடையே காற்று நிறைந்திருத்தலால், காணப் பெரியதாகிய கழுத்தணி சுமக்க இலேசாகின்றது. பண்டை ஐரோப்பியப் பெருமக்கள் அணிந்த கொசுவக் கழுத்துப்பட்டிகளை நினைவூட்டும் பெரிய அணிகளைக் கழுத்துக்கு நோவின்றி அணியலாகும்படி அம்மையார் செய்தது இப்பின்னலாலேயே. மென்மை இழையினின்றும், உறுதி உலோகத்தினின்றும் வந்து கூட, இரண்டினும் வேறாகிய ஒரு புதுப்பொருள் தோன்றுகின்றது. பொன்னும் இதற்கு இயல்பிலேயே இசைந்தது. ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள நுண்கம்பியாக இழுக்கலாம் என்பர். நாமோ அதனைக் கட்டியாக்கி நிறுத்துப் பார்ப்பதிலேயே இன்பம் காண்கின்றோம்.

இவ்வழியிற் சென்றவர் இவர் ஒருவரே அல்லர். 1943-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்திற் பிறந்த மேரி லீ ஹு என்னும் அம்மையார், 1980 முதல் 2006 வரை சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் உலோகக்கலை கற்பித்தவர். இரண்டு ஊடிழைகள் ஒவ்வொரு பாவிழையையும் முன்னும் பின்னுமாகத் தழுவித் தம்முள் முறுக்கிக்கொண்டு செல்லும் முடைதல் முறையைப் பொற்கம்பியில் அமைத்துக் கழுத்தணிகளும் காதணிகளும் செய்தார். அவர் அணிகளிற் பாவும் ஊடும் பொன்னே. இங்கிலாந்தில் 1950-ஆம் ஆண்டிற் பிறந்த கரோலின் பிராட்ஹெட் அம்மையாரோ எதிர்த்திசையிற் சென்றார். நகைக்கலை பயின்ற அவர் 1983-ஆம் ஆண்டில் நைலான் இழையால் ஒரு கழுத்தணி செய்தார். கழுத்திற் கிடக்குங்கால் அது மாலை. மேலே இழுத்து விரித்தால் முகத்தை மூடும் முக்காடு. ஆங்கிருந்து அவர் ஆடைகள் செய்யப் புகுந்து, 1997-ஆம் ஆண்டில் துணிக்கலைக்குரிய ஜெர்வுட் பரிசைப் பெற்றார். நகை ஆடையாகவும், ஆடை நகையாகவும் மாறக்கூடிய எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதனை இவ்விருவர் பணியும் காட்டுகின்றன.

இவையெல்லாம் மேனாட்டார் புதுமைகள். நமக்கு இவற்றோடு உறவு யாது என்று வினவுவார் இருக்கலாம். அவர்க்கு ஒரு செய்தி கூற விரும்புகின்றேன். ஸ்காத்லாந்தைச் சார்ந்த ஐலா தீவில் பாலினபி என்னும் ஓரிடம் உண்டு. வைகிங் காலத்துப் பெண்ணொருத்தியின் கல்லறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கே அகழப்பட்டபோது, வெள்ளிக் கம்பியாற் பின்னிய சங்கிலி ஒன்று கிடைத்தது. வடபுல நாடுகளிற் கிடைத்த இத்தகைய கம்பிப் பின்னலுக்கு அகழாய்வு அறிஞர் வழங்கிவரும் பெயர் ‘டிரிச்சினாப்பொலி’ என்பது. அஃது ஆங்கிலேயர் நாவில் நம் திருச்சிராப்பள்ளி பெற்ற உருவம் அன்றோ! அந்நகரப் பொற்கொல்லர் பின்னிய பொற்சங்கிலிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடையே பெரும்பெயர் பெற்றிருந்தன. ஆகவே, தம் நாட்டு மண்ணிற் கிடைத்த பழம்பின்னலைக் கண்ட அறிஞர் தமக்குத் தெரிந்த அப்பெயரையே அதற்கு இட்டனர். வைகிங் மக்கள் நம்மிடம் கற்றனர் என்பது இதன் பொருளன்று. உலோகத்தை நூல்போற் பின்னும் கைத்திறனுக்கு ஒரு பெயர் வேண்டியபோது, உலகம் ஒரு தமிழ் நகரின் பெயரை எடுத்துக்கொண்டது என்பதே பொருள்.

இதனை அறிந்த நாளில் எனக்கு மகிழ்ச்சியும் துன்பமும் ஒருங்கே உண்டாயின. என் பாட்டியார் அணிந்திருந்ததும் அவ்வினத்துப் பின்னற் சங்கிலியே. உலகம் ஊர்ப்பெயரிட்டு வழங்கும் வேலையை, நாம் ‘உருக்கினால் எல்லாம் ஒன்றுதான்’ என்று கூறி உலையில் இட்டுவிட்டோம்.

இனி, என் கருத்துக்கு மாறாகக் கூறத்தக்கவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, நகை என்பது நம் மகளிர்க்கு அழகு மட்டுமன்று. இடுக்கண் வந்துழி உதவும் சேமிப்பு என்பர். இதனை நான் மறுக்க இயலாது. அச்சங்கிலி பொன்னாக இல்லாமல் பூச்சிட்ட செம்பாக இருந்திருப்பின், நான் இன்று இக்கல்லூரியில் இருந்திருக்க மாட்டேன். எனினும், சேமிப்பு வேறு, அணிகலன் வேறு என்று உணர்தல் நலம். சேமிப்புக்கு நிறை போதும். வங்கியில் வைக்கும் பொற்காசு அதனைச் செய்யும். அணிகலனும் அதே அளவுகோலால் அளக்கப்படும்போது, பத்து நாள் இருந்து பின்னும் பொற்கொல்லருக்கும் ஒரு நாழிகையில் நூறு சங்கிலி உமிழும் பொறிக்கும் வேற்றுமை இல்லாமற் போகின்றது. அவ்வேற்றுமையைக் காணாத கண்களுக்கு முன் எந்தப் பொற்கொல்லர் தம் மகனுக்கோ மகளுக்கோ இத்தொழிலைக் கற்பிப்பார்?

இரண்டாவது, பின்னலும் தையலும் மகளிர் பொழுதுபோக்கு. அவற்றைப் பெருங்கலை என்று உயர்த்துதல் மிகை என்பர். இதற்கு விடை ஃபிஷ் அம்மையாரின் வாழ்க்கையே. வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்தவரை எவரும் பொருட்படுத்தாத கொக்கி ஊசிப் பின்னல், வெள்ளிக் கம்பியில் நிகழ்ந்தவுடன் பல்கலைக் கழகப் பாடமாயிற்று. பொருட்காட்சி சாலையில் இடம் பெற்றது. வேலை மாறவில்லை, விரலசைவு மாறவில்லை, இழை மட்டுமே மாறிற்று. அவ்வாறாயின், பருத்தி நூலில் இருந்தபோதும் அவ்வேலையிற் கலை இருந்தது என்பதும், காணும் கண் இல்லாதிருந்தது என்பதும் தெளிவாகின்றன அல்லவா? என் அன்னையார் ரவிக்கைக்குக் கைவளைவு வெட்டுவதையும், கிழிந்த ஓரத்தைத் தெரியாமல் இழையோடுவதையும், காஜா எடுப்பதையும் பிறந்தநாள் முதல் கண்டிருக்கிறேன். கூலி கொடுப்பவர், “சிறு தையல்தானே” என்று சொல்லிப் பத்து ரூபாய் குறைப்பதையும் கண்டிருக்கிறேன். நகைக்கடையிற் கேட்ட சொல்லும் இச்சொல்லும் வேறுவேறு அல்ல. இரண்டும், பொருளுக்கு விலை உண்டு, கைக்கு இல்லை என்னும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகள்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டம் ஒன்றும் நான் கூற வல்லேன் அல்லேன். சிறிய முறை ஒன்றைக் கூறுவேன். இந்நாளில், ஹால்மார்க் முத்திரை பெற்ற நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி பொறிக்கப்படுகின்றது. 2021-ஆம் ஆண்டிற் புகுந்த இம்முறை, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு விற்பனைக்குக் கட்டாயமாயிற்று. பொன்னின் தூய்மையை உறுதி செய்யும் நல்ல முறை அது. ஆனால் அந்நகையை எவர் கை செய்தது என்பதனை அதனைப் படிப்பவர் அறிய இயலாது. மேனாட்டுப் பொருட்காட்சி சாலைகளில் ஃபிஷ் அம்மையாரின் அணியருகே அவர் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. அஃதே போல், கையாற் செய்த நகையை விற்கும் கடைக்காரர் சீட்டில் நிறையும் விலையும் எழுதும் இடத்தில் செய்தவர் பெயரையும் ஒரு வரியில் எழுதினால் என்ன? நம் கல்லூரியிற் கைவேலைக் காட்சி நடத்துங்கால், பரிசு பெற்ற பொருளுக்கு மட்டுமன்றி, வைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் அதனைச் செய்தவர் பெயரை எழுதி வைத்தல் அரிதோ? பெயர் எழுதப்பட்ட வேலையை, உருக்கினால் எல்லாம் ஒன்று என்று கூற நா எழாது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், அச்சங்கிலியைப் பின்னிய பொற்கொல்லரின் பெயர் என்ன என்று அன்னையாரிடம் கேட்டேன். தையலை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். “உன் பாட்டிக்குத் தெரிந்திருக்கும்” என்றார். பாட்டியார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அன்பர்காள்! அடுத்த முறை ஓர் அணிகலனையோ ஆடையையோ காணும்போது, எத்தனை சவரன் என்று கேட்பதற்கு முன், செய்தவர் யார் என்று கேளுங்கள். விடை தெரிந்தவர் இருக்கும்போதே கேளுங்கள்.